வாசகர் கேள்வி – பதில்: நீளமான பாஸ்களின் பின்னணி

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் குறுகிய பாஸ்களை (முன்னோக்கிப் பந்தை எறிதல்) நம்பியிருக்கும் ஓர் அணி நீளமான பாஸ்களுக்கு மாறுவது எப்படி? பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கைவலிமைதான் காரணமா?

பதில்: கைவலிமை தேவைதான், ஆனால் அதற்கு முன்னால் நேரம் வேண்டும். பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் இருபது யார்டு ஓடி முடிக்கும்வரை குவார்ட்டர்பேக்கை எவரும் நெருங்காதபடி முன்வரிசை வீரர்கள் தாங்கி நிற்காவிட்டால், எவ்வளவு வலிய கையும் பயன்படாது. 1978-இல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் கொண்டுவந்த இரு மாற்றங்கள் அந்த நேரத்தைத் தந்தன. முன்வரிசையினர் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்றது ஒன்று. முதல் ஐந்து யார்டைத் தாண்டிய ரிசீவரை எதிரணித் தடுப்பாளர் இடித்து மறிக்கக் கூடாது என்றது மற்றொன்று.

இதை மிகச் சிறப்பாகப் பயன்படுத்திக்கொண்டது, அதே ஆண்டு டான் கோரியல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற சான் டியாகோ சார்ஜர்ஸ் அணி என்பது என் கருத்து. மைதானத்தின் நீளத்தையும் அகலத்தையும் முழுமையாகப் பயன்படுத்தும் சிந்தனையை, 1960-களிலேயே அதே அணியில் சிட் கில்மன் விதைத்திருந்தார். கோரியலின் ஆட்டத்தில், ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வந்து சேரப்போகும் இடத்தை நோக்கி குவார்ட்டர்பேக் டான் ஃபவுட்ஸ் பந்தை எறிந்துவிடுவார். ஒருவர் நேராக ஆழத்துக்கு ஓட, பின்வரிசைத் தடுப்பாளர்கள் அஞ்சிப் பின்வாங்குவார்கள். அதனால் நடுவில் திறக்கும் பரப்பில் மற்றொருவர் பந்தைப் பிடிப்பார். வழக்கமாக முன்வரிசையை ஒட்டி நிற்கும் டைட் எண்ட் இடத்துக்குரிய கெலன் வின்ஸ்லோவைக் கோரியல் விலக்கி நிறுத்தி ஓடவிட்டதுதான் இந்த ஆட்டமுறையின் அழகான பகுதி: அவரைத் துரத்த, நடுவில் காக்கும் தடுப்பாளரான லைன்பேக்கருக்கு வேகம் போதாது, ஓரத்தில் ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக்குக்கு உடற்கட்டு போதாது.

1979-இல் 4,082 யார்டு எறிந்த ஃபவுட்ஸ், 1981-இல் 4,802-ஐ எட்டினார். 1978-இல் பருவத்தின் ஆட்டங்கள் 14-இலிருந்து 16 ஆனதும் இந்த எண்ணிக்கைகளுக்கு உதவியது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால், 1980-இல் ஜான் ஜெஃபர்சன், வின்ஸ்லோ, சார்லி ஜாய்னர் ஆகிய மூவரும் பந்தைப் பிடித்து ஆளுக்கு ஆயிரம் யார்டைக் கடந்ததை அந்தக் கூடுதல் ஆட்டங்களால் மட்டும் விளக்கிவிட முடியாது.

கேள்வி: அப்படியானால் அந்த அணி என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றதா?

பதில்: இல்லை. 1980, 1981 ஆகிய இரு பருவங்களிலும் அரையிறுதிக்கு நிகரான ஏஎஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டத்திலேயே தோற்றது. அதன் தற்காப்பு, தாக்குதலுக்கு ஈடாக இருக்கவில்லை. கோரியலிடம் துணைப் பயிற்சியாளராக இருந்த ஜோ கிப்ஸ் பின்னர் வாஷிங்டன் அணிக்கு மூன்று சூப்பர் பவுல்களை வென்று தந்தார். 2010-இல் மறைந்த கோரியலுக்கு 2023-இல்தான் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது; அது மிகவும் தாமதமான மரியாதை.