அவனா, அவரா?

கேள்வி: எங்கள் ஆலய வாசலில் ஞாயிறுதோறும் ஆராதனை முடியும் வேளையில் ஒருவன் வந்து கை நீட்டுகிறான். கூலி கிடைத்தால் குடித்துவிடுகிறவன் என்பது ஊரறிந்தது. அவனுக்குக் கொடுப்பது பாவத்துக்குத் துணைபோவதாகும் என்று சபையார் தடுக்கிறார்கள். குடியால் கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் இருக்கும் எங்கள் மூப்பர் ஒருவருக்கு அதே சபையார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அவர் நல்ல மனிதர்தான். தகுதி பார்த்து இரங்குவது தவறா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் வாசலில் நிற்பவர் 'அவன்', மருத்துவமனையில் இருப்பவர் 'அவர்'. இருவருக்கும் பழக்கம் ஒன்றே. குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மினுக்குள்ள வஸ்திரம் தரித்தவனுக்கு 'ஐயா, உட்காரும்' என்றும், தரித்திரனுக்கு 'நீ அங்கே நில்லு' என்றும் வருகிறதே, நம் தமிழ் வேதாகமத்தில் பட்சபாதம் அந்த விகுதிகளிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்திலோ அது 1910 வரை சாதிகளைப் பிரிக்கும் சுவராகவே நின்றது.

தகுதியைப் பற்றிக் கேட்டீர்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்தில், எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் கள்ளர் கையில் அகப்பட்டவனைப் பற்றி 'ஒரு மனுஷன்' என்பதற்கு மேல் இயேசு எதுவும் சொல்வதில்லை. அவன் நல்லவனா, எந்தக் குலத்தான், அந்த நேரத்தில் தனியே ஏன் போனான் என்ற விசாரணையே கதையில் கிடையாது. உதவியவனுக்கு மட்டும் இனப்பெயர் உண்டு. யூதர்கள் சம்பந்தங்கலவாத சமாரியன் அவன். கதை முடிந்து, யார் அயலான் என்று கேட்கப்பட்டபோது, 'எனக்கு அயலான் யார்' என்று முதலில் கேட்டு இந்தக் கதையை வரவழைத்த நியாயசாஸ்திரி, அதாவது யூத வேத அறிஞர், 'சமாரியன்' என்ற சொல்லை வாயில் எடுக்காமல் 'அவனுக்கு இரக்கஞ்செய்தவனே' என்று சுற்றி வளைத்து விடை சொல்வதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும்.

சபையாரின் கவலையிலும் நியாயம் இல்லாமல் இல்லை, கையில் கொடுத்த காசு மதுக்கடைக்குப் போகலாம். ஆனால் அந்தச் சமாரியனும் காயப்பட்டவன் கையில் காசு திணித்துவிட்டுப் போகவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம், அதாவது இரண்டு நாள் கூலி, கொடுத்ததோடு, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றான். ஆளை எடைபோடாமல் தேவையைத் துல்லியமாக எடைபோட்ட செயல் இது. நீங்களும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சொல்லி வையுங்கள். மனம் இசைந்து வந்தால், அரசு மருத்துவமனையில் குடியை நிறுத்துவதற்கான சிகிச்சைக்குத் துணைக்குப் போய் வாருங்கள். இசையாவிட்டாலும் சாப்பாட்டை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று. மூப்பரின் பெயரை எழுதியிருந்தீர்கள், அச்சில் நீக்கிவிட்டோம். வாசலில் நிற்பவரின் பெயர் கடிதத்தில் எங்குமே இல்லை. வருகிற ஞாயிறு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.