வெப் டிசைன் படிக்கப் போகிறீர்களா? முதல் கிழமையே ஒரு தளத்தைத் தொடங்குங்கள்

ஓ.எல். அல்லது ஏ.எல். முடித்துவிட்டு மட்டக்களப்பிலோ சம்மாந்துறையிலோ உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில், இல்லாவிட்டால் ஊருக்குக் கிட்டவுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில், இணைய வடிவமைப்புப் பாடநெறிக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" சான்றிதழை மட்டும் கொண்டுபோனால் கஷ்டம். நீங்களே கட்டிய, போனில் திறந்து காட்டக்கூடிய இரண்டு மூன்று தளங்களையும் சேர்த்துக் கொண்டுபோனால் கதையே வேறு.

கிழமைக்கு 3 நாள், நாளுக்கு 3 மணித்தியாலம் என்று வைத்தால் ஆறு மாதத்தில், அதாவது 26 கிழமையில், 234 மணித்தியாலம் வரும். பெரிய நேரம் போலத் தெரியும். அதில் நல்ல பங்கு விளக்கம் கேட்பதிலும் பலகையில் உள்ளதைப் பார்த்துத் தட்டச்சுவதிலும் போய்விடும். எந்த டேக் (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் கோட் சொல்) என்ன செய்யும் என்பது யூடியூபிலும் எம்.டி.என். என்ற விளக்கத் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கிறது. அங்கே கிடைக்காதது உங்கள் திரையைப் பார்த்து "இந்த வரியில்தான் பிழை, இதனால்தான் பிழை" என்று காட்டித்தரும் போதனாசிரியர். அவரிடம் காட்ட உங்கள் கையில் சொந்தமாக ஒரு வேலை இருந்தால்தான் அந்தப் பயன் முழுதாகக் கிடைக்கும். அதனால்தான் முதல் கிழமையே ஒரு தளத்தைத் தொடங்கச் சொல்கிறோம். கிழமைக்கொரு பாடம் படிக்கப் படிக்க அதே தளம் வளரட்டும்.

எந்தத் தளம்? உண்மையான ஆள் ஒருவருக்குத் தேவையான தளம். மாமாவின் கடை, ஊர் விளையாட்டுக் கழகம், மருதமுனையில் கைத்தறிச் சாரம் நெய்கிற குடும்பம், அறுகம்பையிலோ பாசிக்குடாவிலோ தெரிந்தவர் நடத்தும் தங்குமிடம் என எதுவும் சரி. கற்பனைக் கடைக்குச் செய்கிற தளம் எப்போதும் அழகாகவே அமையும். ஏனென்றால் பெயரும் படமும் இடத்துக்குப் பொருந்துகிற மாதிரி நீங்களே போடுகிறீர்கள். உண்மைக் கடையின் பெயர் நீளமாயிருக்கும், படம் இருட்டாயிருக்கும், விலை மாறிக்கொண்டே இருக்கும். பிழைகள் அங்கேதான் வெளியே வரும், படிப்பும் அங்கேதான் நடக்கும்.

சேர முன் நிலையத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியுள்ளதா, இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமை உண்டா, உண்டென்றால் எத்தனையாம் மட்டம்? 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். 4ஐ முடித்தவர் 5க்குப் போக வழி உண்டு. தகைமை இல்லாத பாடநெறியில் அந்த ஏணி கிடையாது. ஒரு கணினிக்கு எத்தனை பேர், தொழிலிடப் பயிற்சிக்கு யார் இடம் தேடித் தருவது என்பவற்றையும் கேளுங்கள். பாடத்திட்டத்தையும் ஒருமுறை வாசியுங்கள். ஃப்ளாஷ் என்ற அசைபடத் தொழில்நுட்பம் ஒரு தலைப்பாக இருந்தால் அது பழைய திட்டம். 2020 டிசம்பரோடு ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. பக்கத்தை அட்டவணையால் பிரிக்கப் பழக்கினாலும் அப்படித்தான். ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்ற பக்க அடுக்கல் முறைகள், மொபைல் திரை, பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும்.

லெப்டொப் வாங்கக் கடன் எடுக்க முன் ஒரு மாதம் பொறுங்கள். இந்த வேலைக்கு 8 ஜீ.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பாவித்த லெப்டொப்பே போதும். கேமுக்கான கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. கோட் எழுதும் செயலியான வி.எஸ். கோட் இலவசம். ஒருமுறை இறக்கிவிட்டால் எச்.டி.எம்.எல். (பக்கத்தின் உள்ளடக்கம்), சி.எஸ்.எஸ். (அதன் தோற்றம்) வேலைக்கு இன்டர்நெட்டே வேண்டாம், டேட்டா முடிந்த இரவிலும் பழகலாம்.

முதல் மாதத்தில் மாணவரை அழவைக்கிற பிழைகள் பெரும்பாலும் கோப்புப் பெயரிலும் பாதையிலும்தான். நோட்பேடில் சேமித்த பக்கம் திறக்காது, கடைசியில் டி.எக்ஸ்.டி. என்று ஒரு வால் ஒட்டியிருக்கும், விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். கோப்பு நீட்சிகளைக் காட்டும் தெரிவை முதல் நாளே இயக்கிவிடுங்கள். அடுத்தது, வீட்டில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போவது. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, படத்தின் பாதையை சி டிரைவிலிருந்து எழுதியிருப்பீர்கள். அது உங்கள் கணினியில் மட்டுமே உள்ள இடம். மற்றது, கோப்பின் பெயர் பெரிய எழுத்தில், கோடில் எழுதியது சின்ன எழுத்தில். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும். இணையச் சேவையகங்கள் பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு அவை இரண்டு வேறு கோப்புகள். ஆகவே எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல், தேவையான இடத்தில் சிறுகோடு போட்டு எழுதப் பழகுங்கள். ஒரு தளத்துக்கு ஒரே கோப்புறை, அதற்குள் படங்களுக்கு ஒன்று, சி.எஸ்.எஸ்.ஸுக்கு ஒன்று. முகப்புப் பக்கத்தின் பெயர் எப்போதும் இன்டெக்ஸ்.

போனில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 எம்.பி. வரை இருக்கும், அகலம் 4000 பிக்சலுக்குக் கிட்ட. அப்படி எட்டுப் படத்தை அப்படியே போட்டால் பக்கம் 30 எம்.பி.யைத் தாண்டக்கூடும். வாகரையில் பலவீனமான சிக்னலில் அதைத் திறப்பவர் பாதியில் மூடிவிடுவார். முகப்பில் முழு அகலத்துக்கு வரும் படத்துக்கு 1600 பிக்சல், சின்னப் பெட்டிக்குள் வரும் படத்துக்கு 800 பிக்சல் போதும். வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில், 75 அளவு தரத்தில் சேமித்தால் பெரும்பாலான படம் 200 கே.பி.க்குள் வந்துவிடும். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி இதை பிரவுசருக்குள்ளேயே செய்துதரும்.

எதையும் முதலில் 360 பிக்சல் அகலத்துக்குச் செய்யுங்கள், பிறகு பெரிய திரைக்கு விரியுங்கள். பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியை மறந்தால், போன் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு போலத் தெரியும். குரோமில் எஃப்12 அழுத்தி, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போன் அளவில் பார்க்கலாம். ஆனாலும் கடைசியில் உண்மையான போனிலும் ஒருமுறை பாருங்கள்.

இனி, நம் பிள்ளைகள் பெரிதாக எண்ணாத ஒன்று. தமிழில் வடிவான தளம் செய்யத் தெரிந்திருப்பது கிழக்கில் ஒரு தனித் தொழில்தகைமை. கழகங்களும் அச்சகங்களும் உங்களுக்குத் தரும் வேர்ட் கோப்புகளில் பல இன்னும் பாமினியில்தான் தட்டச்சாகியிருக்கின்றன. பாமினி ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அதை நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. எல்லாக் கணினியும் ஒரேமாதிரி வாசிக்கும் யுனிகோடு முறைக்கு மாற்றும் கருவியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பின் வரிக்கு வரி வாசித்துத் திருத்துங்கள். குறிப்பாகக் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். பக்கத்தின் தலையில் யு.டி.எஃப்-8 என்ற குறியாக்கத்தையும், மொழி தமிழ் என்பதையும் குறிப்பிடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம். ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கும் வரி உயரம் தமிழுக்கு நெருக்கும், மேலே விசிறியும் கீழே சுழியும் முட்டும், 1.7 அளவுக்குக் கூட்டுங்கள். பொத்தானுக்கு அகலத்தைப் பிக்சலில் இறுக்கிப் பூட்டாதீர்கள். ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்தில் முடிகிற சொல் தமிழில் "தொடர்புகொள்ளுங்கள்" என்று நீண்டு வெளியே வழியும். அம்பாறை மாவட்டத்தில் ஒரே தளத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் கேட்பார்கள். மூன்றிலும் உடையாமல் நிற்கும் பக்கத்தைச் செய்து காட்டினால் அதுவே பெரிய சிபாரிசு.

ஜாவாஸ்கிரிப்டில்தான் பலர் வகுப்பை விட்டு நழுவுகிறார்கள். எச்.டி.எம்.எல்.லில் பிழைவிட்டாலும் ஏதாவது தெரியும். இதில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் ஒன்றுமே நடக்காது, திரை பேசாமல் இருக்கும். உண்மையில் அது பேசுகிறது, எஃப்12க்குள் கன்சோல் என்ற பிழை காட்டும் பகுதியில். சிவப்பு வரியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். அந்த ஆங்கில வாக்கியத்தை ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சப் பிழைகள்தான். தமிழ் மொழிமூலம் படித்தவர்களின் ஆங்கிலப் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எங்களுக்குத் தெரியாது.

பயிற்சிக்கு நம் ஊர்க் கணக்குகளையே எடுங்கள். தங்குமிடத் தளத்தில் இரண்டு பெட்டியில் வரும் 3 இரவையும் 2 இரவையும் கூட்டச் சொன்னால் 32 என்று விடை வரும். பெட்டியில் தட்டியது எண்ணாக வருவதில்லை, எழுத்துச் சரமாக வருகிறது. எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும். தொலைபேசி எண்ணுக்கு நேர் எதிர்: அதை எண்ணாக மாற்றினால் முன்னுள்ள 0 போய்விடும், 10 இலக்கம் 9 ஆகும். அதைச் சரமாகவே வையுங்கள். அடுத்த படி அடையாள அட்டை எண். பழையதில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும், புதியதில் 12 இலக்கம். புதியதில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இதிலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்க எழுதுங்கள். பெப்ரவரிக்குப் பின் பிறந்தவர்களுக்கு விடை ஒரு நாள் பிசகினால் குழம்ப வேண்டாம். அட்டைக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள். உங்களின் சொந்த அட்டையில் சோதியுங்கள், மற்றவர் எண்ணை இணையத்தில் ஏற்றாதீர்கள். இது முழுதாக ஓடும்வரை ரியக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பக்கம் போகாதீர்கள்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா என்றால், கேட்கலாம். முதலில் அரை மணித்தியாலம் நீங்களே முட்டிப் பாருங்கள். அது தந்த கோடை அடுத்த நாள் அழித்துவிட்டுப் பார்க்காமல் திரும்ப எழுத முடிந்தால் அது உங்களுடையது. நேர்முகத்தில் உங்கள் தளத்தையே திறந்து "இந்த வரி எதற்கு?" என்றுதான் கேட்பார்கள்.

வேலையைப் பென்டிரைவில் மட்டும் வைப்பது ஆபத்து. பொதுக் கணினிகளில் வைரஸ் பிடிக்கும், தொலைந்தும் போகும். இரண்டாம் மாதத்துக்குள், கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியையும், அந்தக் கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தையும் பழகுங்கள். கிட்ஹப் பேஜஸில் தளத்தை இலவசமாக ஏற்றலாம், இணைப்பை யாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பலாம். கடவுச்சொல் எதையும் அங்கே ஏற்றக்கூடாது. பின்பு அழித்தாலும் பழைய பதிவில் இருக்கும்.

கோட் அதிகம் எழுதாமல் தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸைச் சிலர் குறைவாகக் கதைப்பார்கள். உலகத்தில் உள்ள தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன, உள்ளூரில் வரும் வேலையிலும் அது நிறைய. கடைசி இரண்டு மாதத்தில் அதையும் படியுங்கள். சி.எஸ்.எஸ். தெரிந்து அதற்குள் போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும்.

முதல் வாடிக்கையாளரைத் தேடும் காலமும் முக்கியம். அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஏறத்தாழ ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை. அந்த நேரத்தில் தங்குமிடக்காரருக்கு உங்களோடு இருந்து கதைக்க நேரமிராது. மாரி மழை ஓய்ந்து ஜனவரி, பெப்ரவரியில் போங்கள். பருவம் தொடங்க முன் தளம் தயாராக வேண்டும் என்ற அவசரம் அவருக்கும் இருக்கும். தெரிந்தவரென்றாலும் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை பக்கம், படமும் விலைப்பட்டியலும் யார் தருவது, எந்தத் திகதிக்குள், எத்தனை தடவை திருத்தம், காசு எப்போது. திருத்தத்தை இரண்டு தடவை என்று எழுதாவிட்டால் நிறம் மாற்றியே மாதம் போகும். டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரை, உரிமையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதியுங்கள். உங்கள் பெயரில் பதிந்தால் நீங்கள் வெளிநாடு போன பிறகு புதுப்பிக்க ஆளில்லாமல் அவருடைய தளம் நின்றுவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இரவு பதினொரு மணிக்கு ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தால் அது விளையாட்டல்ல, பிழை தேடுகிறது. மகளுக்கு வகுப்பு முடிந்து கணினிக்கூடத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்க அனுமதி கிடைத்தால், பஸ் நேரத்தைப் பார்த்து, முடிந்தால் யாராவது கூட்டிவரப் போய், அந்த நேரத்தைப் பெற்றுக்கொடுங்கள். சான்றிதழ் கிடைத்த மறுமாதமே சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். ஏ.எல். சித்தியிருந்தால் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவையும் யோசிக்கலாம். அந்த நிறுவகத்தின் கிளைகள் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ளன. விண்ணப்பத் திகதியை இப்போதே பார்த்து வையுங்கள்.

பாடநெறி, சேவையகத்தில் ஓடும் மொழியான பி.எச்.பி. வரை போனால், உங்கள் கணினியையே சேவையகமாக்கும் எக்ஸ்.ஏ.எம்.பி.பி. பாவிப்பீர்கள். அதிலுள்ள அப்பாச்சி என்ற சேவையக மென்பொருள் தொடங்க மறுத்தால், பெரும்பாலும் 80ஆம் போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) வேறொரு மென்பொருள் பிடித்திருக்கும், 8080க்கு மாற்றுங்கள். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் பி.எச்.பி. ஓடாது, எச்டிடொக்ஸ் கோப்புறைக்குள் வைத்து, லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறக்க வேண்டும். கடைசிக் கிழமையில் கணினிக்கூடத்திலிருந்து வேலையை எடுக்கும்போது பலர் அந்தக் கோப்புறையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வருகிறார்கள். தரவுத்தளம் அதற்குள் இல்லை. தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பி.எச்.பி. மைஅட்மினைத் திறந்து, எக்ஸ்போர்ட் கொடுத்து, கிடைக்கும் எஸ்.கியூ.எல். கோப்பையும் எடுத்துவந்து, கணினிக்கூடம் மூட முன் வேறொரு கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள்.