பாலைவனப் பாறைகள் படத்தில் வெறும் கல்லாகத் தெரியாமல், கட்டடம் போலத் தெரிய எப்படி எடுக்க வேண்டும்?

சவுதியில் வேலை பார்த்த நாட்களில் அல்உலா ஊருக்கு அருகே யானை வடிவில் நிற்கும் யானைப் பாறைக்கு மூன்று முறை போயிருக்கிறேன், அதை வைத்தே சொல்கிறேன். முதல் முறை உச்சி வெயிலில் எடுத்தேன். 52 மீட்டர் உயரப் பாறை, அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையாக வந்திருந்தது.

யானையைத் தேடுவதை விட்டுவிட்டு, மேலே இருக்கும் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பாருங்கள். துதிக்கை என்று எல்லோரும் சொல்வது ஒரு தூண், அதற்கும் உடலுக்கும் நடுவே இருப்பது ஒரு வளைவு. 2014-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் மணற்கல்லை வைத்துச் சோதனை செய்து காட்டினார்கள்: பாரம் அழுத்தும் இடத்தில் மணல் துகள்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் அங்கே அரிப்பு மெதுவாகிறது, பாரம் ஏறாத பகுதிதான் முதலில் உதிர்கிறது. அதாவது தாங்கி நிற்கிற கல்தான் மிஞ்சுகிறது. இதைத் தெரிந்துகொண்டு போன இரண்டாவது முறை, என் கண் தானாகவே தூணும் வளைவும் தரையைத் தொடும் இடங்களுக்குப் போனது.

வெயில் சாய்ந்து பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். அப்போதுதான் படிவு அடுக்குகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு, செங்கல் வரிசை மாதிரி எழுந்து நிற்கும். பாறையின் காலடி முழுவதும் படத்தில் இருக்கட்டும், அதை வெட்டிவிட்டால் பாரம் எங்கே போகிறது என்றே தெரியாது. அகலக் கோண லென்ஸோடு கிட்டே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் பாறை பின்னால் சாய்ந்துவிடும், பாறை முழுவதும் சட்டகத்துக்குள் வரும் அளவுக்குத் தள்ளிப் போய்க் கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். அளவு தெரிய ஒரு ஆள் வேண்டும், ஆனால் உங்கள் பக்கத்தில் அல்ல, பாறையின் அடியில். அப்புறம், காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். என் ஜூம் வளையத்தில் அன்று புகுந்த மணல் இன்றும் திருப்பும்போது கரகரக்கிறது.

சுவர்களில் தேன்கூடு போலப் பொந்துகள் இருக்கும். கல்லுக்குள் ஊறிய உப்பு படிகமாகும்போது துகள்களைத் தள்ளி உதிர்த்து உண்டானவை அவை, அவற்றைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள்.

நேரம் இருந்தால் அல்உலா ஊரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள ஹெக்ரா என்ற பழங்கால நகரத்துக்கும் போங்கள். அங்கே கஸ்ர் அல்ஃபரீத் என்று தனிப்பாறையில் நபத்தேயர்கள் என்ற பழங்கால அரபு மக்கள் குடைந்த கல்லறை ஒன்று, நம் கழுகுமலை வெட்டுவான் கோயில் மாதிரியே மேலிருந்து கீழாகச் செதுக்கி, முடிக்காமல் விட்டது. உளி வைத்த முகப்பும், பக்கத்தில் மழையும் காற்றும் அரித்த வளைவும் ஒரே சட்டகத்தில் வருகிற மாதிரி சற்று ஓரமாக நின்று எடுங்கள். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.