காரையாறு பஸ்ஸில் ஏறுங்கள்: அண்ணாச்சி பதில்கள்

பாபநாசம் – காரையாறு தடத்தில் அரசு பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற விக்கிரமசிங்கபுரம் அண்ணாச்சி, மேற்கு மலைக் காட்டைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அண்ணாச்சி, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நம்ம காட்டிலும் பூங்கா, படகு எல்லாம் வைத்தால் கூட்டம் வருமே? ஏன் வைக்க மாட்டேன் என்கிறார்கள்?
– வாசகர், மேலப்பாளையம்

கூட்டம் வரத்தான் செய்யும் தம்பி, அதுதான் பயம்.

படகு ஏற்கெனவே இருந்ததுதான். காரையாறு அணையில் ஏறி உட்கார்ந்தால் தண்ணீர் மேலேயே போய்ப் பாணதீர்த்த அருவியில் இறங்கலாம். எங்கள் பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் படகுக்காக வந்தவர்கள். அது நின்று பல வருடம் ஆகிறது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. 1962இல் முண்டந்துறையைப் புலிகளுக்கான சரணாலயம் ஆக்கினார்கள். 1976இல் களக்காட்டுக் காட்டை சிங்கவால் குரங்குக்காக ஒதுக்கினார்கள். 1988இல் இரண்டையும் சேர்த்ததுதான் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டில் அதுதான் முதல், இந்தியாவில் 17ஆவது. தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி, ராமநதி எல்லாம் அங்கிருந்துதான் இறங்குகின்றன. மேலப்பாளையத்தில் நீங்கள் குழாயைத் திறந்தால் வருவதும் அந்தத் தண்ணீர்தான். அங்கே போய் ராட்டினம் போடவா?

ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தய்யனார் கோயிலில் குடும்பத்தோடு நாள்கணக்கில் தங்குவோம். இப்போது ஏகப்பட்ட கெடுபிடி. காலங்காலமாகப் போகிறவர்களைத் தடுப்பது நியாயமா அண்ணாச்சி?
– வாசகி, ஆலங்குளம்

உங்கள் கோபம் புரிகிறது தங்கச்சி. புலிக்குக் காப்பகம் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, திருநெல்வேலிச் சீமைக்காரனுக்குக் காடு என்றால் அந்தக் கோயில்தான். சாமி கும்பிட, குளிக்க, ஆக்கித் தின்ன, பிள்ளைகளுக்கு முடி எடுக்க, சொந்தக்காரர்களைப் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே இடம்.

அந்த சமயத்துப் பஸ்ஸைச் சொல்ல வேண்டும். படிக்கட்டில் அரிசி மூட்டை, சீட்டுக்கு அடியில் கால் கட்டிய கோழி, மடியில் பித்தளைப் போணி, பின்சீட்டில் ஆட்டுக்கிடா. கிடாவுக்கு லக்கேஜ் போட்டால், “சாமிக்குப் போறதுக்குமா சீட்டு?” என்று சண்டைக்கு வருவார்கள். “சாமி கையெழுத்துப் போட்டுத் தரட்டும், நான் விட்டுருதேன்” என்பேன். ஆற்றங்கரை நெடுக ஓலைக் குடில்கள் முளைத்திருக்கும். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி ராஜ உடையில் வந்து அமர்வார். அந்தக் காட்சியைப் பார்க்க என்றே வருகிறவர்கள் இருந்தார்கள். 2020இல் அவர் காலமானார்.

எனக்குப் பிடித்தது பட்டவராயன் சன்னதிதான். அங்கே காணிக்கை செருப்பு. கடைச் செருப்பு இல்லை, நேர்ந்துகொண்டு தைத்துக் கொண்டுவரும் தோல் செருப்பு. சில ஜோடி நம் காலைப் போல இரண்டு பங்கு நீளம் இருக்கும். வரிசையாகத் தொங்கும். போன வருடம் கட்டியதைப் புரட்டிப் பார்த்தால் அடித்தோல் தேய்ந்து, குதிகால் பக்கம் மண் ஒட்டியிருக்கும் என்று சொல்வார்கள். ராத்திரியில் பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறாராம். அந்தணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாடு காத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டு உயிர்விட்ட முத்துப்பட்டன்தான் அவர். வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். எல்லா சாதியும் அந்தச் செருப்புக்கு முன்னால் கும்பிட்டு நிற்பதை வருடா வருடம் பார்த்தவன் நான்.

சரி, கெடுபிடிக்கு வருவோம். குடிலுக்குக் கம்பு காட்டில்தான் வெட்டினார்கள், அடுப்புக்கு விறகும் அங்கேதான். திருவிழா முடிந்து கடைசி பஸ்ஸை எடுக்கும்போது ஆற்றங்கரையைப் பார்த்தால் வயிறு எரியும். பாலிதீன் பை, ஷாம்பு பாக்கெட், எலும்பு. கீழே பாபநாசத்தில் கேட்கவே வேண்டாம். பரிகாரம் என்று உடுத்திய துணியை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அள்ள அள்ள டன் கணக்கில் வருகிறது. எந்தச் சாமி பழைய வேட்டி கேட்டது?

அதனால் நாளைக் குறைத்ததும், பிளாஸ்டிக்கைத் தடுத்ததும் சரி என்பது என் கட்சி. அண்மைக் காலமாக, திருவிழா சமயம் சொந்த வண்டிகளை அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்களே, அது மிகச் சரி. என்னைக் கேட்டால் வருடம் பூராவும் அப்படியே வைக்கலாம். பஸ்ஸில் வருகிறவன் கையில் தூக்க முடிந்ததைத்தான் கொண்டுவருவான். காரில் வருகிறவன் டிக்கியில் ஸ்பீக்கரும் ஐஸ் பெட்டியும் கொண்டுவருகிறான். கண்டக்டர் அப்படித்தான் சொல்லுவான் என்கிறீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள்.

குற்றாலமா, அகஸ்தியர் அருவியா?
– வாசகர், கடையநல்லூர்

சாரல் காலத்தில் குற்றாலம். மற்ற மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு அகஸ்தியர் அருவி, அங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வெள்ளத்தைப் பார்த்து மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் குளிக்க விடாமல் விரட்டுகிறார்கள். தண்ணீர் சும்மா கிடக்கிறது, என்ன ஆபத்து?
– வாசகர், தாழையூத்து

சும்மா கிடக்கிற தண்ணீர்தான் ஆபத்து தம்பி. பாறை வழுவழுவென்று இருக்கும், இறங்கினால் ஆழம். 1925 ஜூன் 3ஆம் தேதி விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் உயிர் போனது இந்த மலை அருவியில்தான். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திக்கொண்டிருந்தவர், மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்ததும் காப்பாற்றக் குதித்தார். இரண்டு பேருமே திரும்பவில்லை. அவருக்கு அப்போது 44 வயது. லண்டனில் வெள்ளைக்காரப் போலீஸுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டு வந்த மனிதர். கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று பாருங்கள்.

மலைக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. திருநெல்வேலி பக்கத்திலேயே பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது காடு உண்டா?
– வாசகி, பெருமாள்புரம்

உண்டும்மா. மதுரை ரோட்டில் கங்கைகொண்டான் மான் சரணாலயம், 2013இல் அறிவித்தது. 288 ஹெக்டேர் முள்ளுக்காடு, அதில் புள்ளிமான்கள். பக்கத்திலேயே சிப்காட், ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் நாலுவழிச் சாலை. தண்ணீர் தேடி வெளியே வருகிற மான் வண்டியில் அடிபடுகிறது. அந்தப் பக்கம் காரில் போனால் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். தூத்துக்குடி ரோட்டில் போனால் வல்லநாடு. 1987 முதல் அது வெளிமானுக்கான சரணாலயம். முறுக்கின கொம்போடு நிற்கும் கிடாவைப் பிள்ளைகள் பார்த்தால் விட மாட்டார்கள். இரண்டு இடத்திலும் விடிகாலைதான் நேரம். பத்து மணிக்குப் போனால் உடைமுள்ளைத்தான் பார்க்கலாம்.

மாஞ்சோலை யாருடையது அண்ணாச்சி? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவுக்குப் படை அனுப்பி உதவியதற்காக சிங்கம்பட்டி ஜமீனுக்குக் கிடைத்த காடு என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. 1929இல் ஜமீன் அதில் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படித் தேயிலை ஆனவை. ஜமீன் ஒழிந்த பிறகு நிலம் அரசாங்கத்துக்கு வந்தது. குத்தகை 2028இல் முடிகிறது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு மலையை விட்டால் போக்கிடம் எது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், சொந்த வண்டிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஊத்து, நாலுமுக்குப் பக்கம் மழை கொட்டினால் கொட்டும். குடை போதாது.

காட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி?
– வாசகர், முக்கூடல்

புளியோதரை, துவையல், எவர்சில்வர் தூக்கு. பாலிதீன் பையில் கட்டினால் செக்போஸ்ட்டில் பிடுங்குவார்கள், அதில் தப்பினால் குரங்கு பிடுங்கும். வாழைப்பழத்தை மட்டும் பஸ்ஸிலேயே தின்று முடித்துவிடுங்கள்.