கன்றுக்கறி மீட்பால் செய்யப் போகும் தம்பிக்கு

கன்றுக்கறி மீட்பால், அதாவது கன்றுக்குட்டியின் கறியை அரைத்துப் பிடிக்கும் உருண்டை, உடம்புக்கு நல்லதா, அறையில் வைத்தே செய்ய முடியுமா, எந்தச் சட்டி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டியை விடுங்கள் தம்பி, அடி கனமாக எது கிடைத்தாலும் போதும். சத்துக்கும் குறையில்லை: அரைத்த பச்சைக் கறி 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம், 7 கிராம் கொழுப்பு, கூடவே வைட்டமின் பி12, துத்தநாகம். இரும்புச்சத்துதான் நோக்கமென்றால் வளர்ந்த மாட்டின் கறியே மேல்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. உறைய வைத்த மீட்பால் பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். 'கன்று' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் பன்றி, மாடு, ரொட்டித்தூள் என்று வரிசையாகப் போகும். சிலதைச் சாப்பிடாதவர் என்றால் அதைப் படிக்காமல் வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்தது சுத்தம். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஓர் அறைத்தோழர் இருந்தார், முன்னாடியே வந்துவிட்டவர் என்ற ஒரே தகுதியில் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லுவார். உறைந்த கறியைக் காலையில் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், இருட்டின பிறகு வந்து பொரிப்பார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்த் தண்ணீரே சரியில்லை" என்பார். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேலோடு நிற்கும், அரைத்தால் உள்ளே போய்விடும். அதனால் ஃபிரிட்ஜுக்குள் வைத்தே உருகவிடுங்கள், உருகிய கறியை இரண்டு நாளைக்குள் சமைத்துவிடுங்கள், உருண்டையின் நடுவில் சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும். நிறம் பார்த்து வெந்ததா என்று முடிவு செய்ய வேண்டாம், ஏமாற்றிவிடும். சட்டிக்குப் பதில் ஒரு சமையல் வெப்பமானி வாங்குங்கள்.

செய்முறை பெரிய வித்தையில்லை. அரைக் கிலோ கறிக்கு, பாலில் ஊறவைத்து மசித்த ரொட்டித் துண்டு இரண்டு, முட்டை ஒன்று, பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு டீஸ்பூன் உப்பு. கன்றுக்கறியில் கொழுப்பு குறைவு, ரொட்டியும் பாலும் இல்லாவிட்டால் வறவறவென்று போகும். எல்லாம் கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள், அடித்துப் பிசைந்தால் ரப்பர்தான். கையை நனைத்துக்கொண்டு உருட்டி, அரை மணி நேரம் குளிரவைத்து, எண்ணெயில் திருப்பித் திருப்பிச் சிவக்கவிட்டு, பிறகு தக்காளிச் சாஸில் சிறு தீயில் கால் மணி நேரம்.

பழைய ஆட்கள் பலர் இதில் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவார்கள். லேசான மணமுள்ள கறி, அதையும் அமுக்கிவிட்டால் அப்புறம் எந்தக் கறியாக இருந்தால் என்ன? நான் மிளகு, துளி ஜாதிக்காய், கொஞ்சம் எலுமிச்சைத் தோல் என்று பழகிக்கொண்டேன். அந்த அறைத்தோழர் இன்னமும் வீட்டுக்கு வருவார். தட்டைக் காலி பண்ணிவிட்டு, காரம் பத்தலை என்பார்.