ஒரு கணக்கு தப்பானதற்காக இன்ஜினியரிங்கை விட்டுவிடலாமா?

அம்மா, நீங்கள் அனுப்பிய விடைத்தாளை இரண்டு முறை பார்த்தேன். "பிசிக்ஸே வரவில்லை, வேறு டிகிரியில் சேர்த்துவிடட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மகள் எந்த இடத்தில் நின்றாள் என்பதை முதலில் பார்ப்போம்.

20 செ.மீ. குவியத்தூரமுள்ள குவிலென்ஸ். அதற்கு 30 செ.மீ. முன்னால் பொருள். லென்சுக்குப் பின்னால் 90 செ.மீ. தள்ளி, 15 செ.மீ. குவியத்தூரமுள்ள குழியாடி. கடைசி பிம்பம் எங்கே?

1/20-இல் 1/30 போனால் 1/60. லென்சுக்கு அப்பால் 60 செ.மீ.யில் பிம்பம் என்று சரியாகவே போட்டிருக்கிறாள். அந்த பிம்பம்தான் ஆடிக்குப் பொருள். பலர் இங்கே 60-ஐயே ஆடியிலிருந்து உள்ள தூரமாகப் போட்டுவிடுவார்கள். இவள் 90-இல் 60-ஐக் கழித்து, ஆடியிலிருந்து 30 என்று எழுதியிருக்கிறாள். அது ஆடியின் வளைவு மையம் (குவியத்தூரம் 15-இன் இரு மடங்கு), அதனால் பிம்பமும் அங்கேயே விழும். அதையும் எழுதிவிட்டு, அடியில் கோடு போட்டு முடித்துவிட்டாள்.

ஆனால் திரும்பி வரும் வெளிச்சத்தின் வழியில் லென்ஸ் இன்னும் நிற்கிறதே! 60 செ.மீ.யிலிருந்து மறுபடி லென்சுக்குள் புகுந்து, முன்பக்கம் 30 செ.மீ.யில் குவியும். அதாவது பொருள் இருந்த அதே இடம். உருப்பெருக்கம் (பிம்பம் பொருளைப் போல் எத்தனை மடங்கு என்பது; மைனஸ் என்றால் தலைகீழ்) லென்சில் -2, ஆடியில் -1, மறுபடி லென்சில் -1/2; பெருக்கினால் -1. அதே அளவு, தலைகீழ். என்ன அழகான கணக்கு பாருங்கள்!

இது பிசிக்ஸ் வராத பிள்ளையின் தப்பு இல்லை. படம் போடாமல் சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனதால் வந்தது. ஒவ்வொரு படிக்கு முன்னும் வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது, தூரத்தை எதிலிருந்து அளக்கிறோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மார்க் விஷயம்: பொதுத்தேர்வில் 5 மார்க் போனால் இன்ஜினியரிங் சேர்க்கைக்குப் பார்க்கும் 200-க்கான கட்-ஆஃபில் 2.5 குறையும். பிசிக்ஸ் அங்கே 50-க்குத்தானே. 2.5 சின்னதில்லை, ஆனால் திருத்திவிடக் கூடியது. படிப்படியாகத்தான் மார்க் போடுவார்கள் என்பதால் முழுசாகவும் போகாது.

அவளுடைய கடைசி மூன்று டெஸ்ட் பேப்பர்களையும் அனுப்புங்கள். அப்புறம், இன்ஜினியரிங் அவளுக்கே பிடிக்கிறதா என்று ஒரு தடவை தனியாகக் கேளுங்கள். அந்தப் பதில் தெரியாமல் நான் எந்தக் கோர்ஸையும் சொல்ல மாட்டேன்.