தூத்துக்குடியில் ஏற்றும் கண்டெய்னர் ஏன் கொழும்பில் இறங்கிக் கப்பல் மாறுகிறது? கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்தபின் இது மாறுமா?

முதலில் ஆழத்தைப் பார்த்துவிடுவோம். இருபதாயிரம் பெட்டிகளுக்கு மேல் ஏற்றும் தாய்க்கப்பல் 400 மீட்டர் நீளம். முழுச் சுமையில் 16 மீட்டர் அளவுக்கு நீரில் அமிழும். அடியில் ஒன்றரை மீட்டராவது இடைவெளி வேண்டும். தூத்துக்குடியில் 14 மீட்டரை ஒட்டித்தான் டிராஃப்ட் (கப்பல் அமிழக்கூடிய அளவு) கிடைக்கிறது. கொழும்பில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் 6.8 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர் கட்டி, 2013-ல் 18 மீட்டர் ஆழத்தில் சிஐசிடி கண்டெய்னர் முனையத்தைத் திறந்துவிட்டார்கள். கிழக்கு மேற்குக் கப்பல் பாதையும் இலங்கையின் தென்முனையை ஒட்டியே போகிறது. தூத்துக்குடிக்கு வர மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து வந்த வழியே திரும்ப வேண்டும். பாக் நீரிணை வழியாகப் பெரிய கப்பல் போக முடியாது.

ஆனால் ஆழம் மட்டுமே துறைமுகத்தை வளர்க்காது. இலங்கையின் தென்கரையில் உள்ள ஹம்பாந்தோட்டையில் 17 மீட்டர் ஆழம் உண்டு, பாதையும் பக்கத்தில்தான். 2010-ல் திறந்தார்கள். சுற்றிலும் சரக்கு இல்லை, சிறு துறைமுகங்களிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் ஃபீடர் கப்பல்களும் இல்லை. அதனால் பல ஆண்டுகள் கார் இறக்கி மாற்றும் வேலைதான் அங்கே பிரதானம். கொச்சியின் வல்லார்பாடம் முனையம் 2011-ல் வந்தது. 14.5 மீட்டரைத் தக்கவைக்க ஓயாமல் சேறு வார வேண்டும். போதாததற்கு, இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே வெளிநாட்டுக் கொடிக் கப்பல் பெட்டிகளை எடுத்துச் செல்லத் தடை இருந்தது. அந்த முனையத்துக்கு 2012-ல் தளர்த்தினார்கள், நாடு முழுமைக்கும் 2018-ல்தான். அதற்குள் வங்காள விரிகுடா ஃபீடர்களில் பல கொழும்பை மையமாக வைத்து அட்டவணை போட்டாகிவிட்டது. அந்த வலைப்பின்னலைப் பெயர்ப்பது கான்கிரீட் போடுவதைவிடக் கடினம் என்பது என் உறுதியான கருத்து.

சிக்கல் வருவது கப்பல் மாறும் இடத்தில். ஃபீடர் ஒருநாள் ஓட்டத்தில் கொழும்பை அடையும். கப்பல் கட்டும் இடமான பெர்த்தில் தாய்க்கப்பலுக்கே முன்னுரிமை, ஃபீடர் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். இறங்கும் பெட்டியை எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எவ்வளவு எடை என்று பிரித்து, துறைமுகத்தின் பெட்டி அடுக்கும் திடலான யார்டில் அடுக்குவார்கள். யார்டு முக்கால்வாசிக்கு மேல் நிறைந்தால் வேகம் படுத்துவிடும். அடியில் கிடக்கும் ஒரு பெட்டிக்காக மேலே உள்ள மூன்றை நகர்த்த வேண்டும், லாரி யார்டில் நிற்கும், லாரிக்காகக் கரை கிரேன் சும்மா நிற்கும். செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கியபின், 2024 தொடக்கத்தில் கொழும்பில் நெரிசல் கூடியது இப்படித்தான். தாய்க்கப்பல் தவறினால் சேவை வாரம் ஒருமுறை என்பதால் ஏழு நாள் போச்சு.

விழிஞ்ஞத்துக்கு இயற்கையாகவே 18 மீட்டருக்கு மேல் ஆழம், மணல் சேர்வதும் குறைவு, சர்வதேசப் பாதை 10 கடல் மைல்தான். 2024 ஜூலையில் முதல் கப்பல் வந்தது, டிசம்பரில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. முதல் கட்டத்தில் 800 மீட்டர் பெர்த். வருபவை பெரும்பாலும் எம்எஸ்சி என்ற ஒரே நிறுவனத்தின் கப்பல்கள். ஆகவே உங்கள் பெட்டி எங்கே மாறும் என்பதை நீங்கள் புக் செய்யும் லைன், அதாவது கப்பல் நிறுவனம்தான் தீர்மானிக்கும். பல லைன்கள் விழிஞ்ஞத்தில் நின்று, ஃபீடர்களும் திரண்டால் கொழும்பின் பங்கு கரையும். ஒரே லைனை நம்பியிருக்கும்வரை கரையாது.

ஏற்றுமதி செய்பவர்கள் புக்கிங் உறுதியானதும் இரண்டாம் கப்பலின் பெயரையும் புறப்பாட்டுத் தேதியையும் கேட்டு வாங்குங்கள். ஃபீடர் சேர்வதற்கும் அந்த இரண்டாம் கப்பல் கிளம்புவதற்கும் மூன்று நாள்கூட இல்லையென்றால் முந்தைய ஃபீடரில் இடம் கேளுங்கள். எடைச் சான்றான விஜிஎம்மை கட் ஆஃப் எனும் கடைசி நேரத்துக்கு முன்பே கொடுங்கள், அது இல்லாத பெட்டியை ஏற்றவே மாட்டார்கள். இறால் போன்ற உறைந்த சரக்கு என்றால், யார்டில் காத்திருக்கும் நாட்களுக்கான மின் இணைப்புக் கட்டணம் யார் தலையில் விழும் என்பதை விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.